உப்புத் தண்ணீர் ஊரில் ஆஸ்கரா, ஃப்ளவர்ஹார்னா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் வீடு, 4 அடி மீன் தொட்டி, போர் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. அதில் ஆஸ்கர் மீன் வளர்க்கலாமா, ஃப்ளவர்ஹார்ன் மீனா என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு ஃப்ளவர்ஹார்னுக்கு.

ஆஸ்கர் அமேசான் மீன், ஒரு அடி வளரும், கழிவும் அதிகம். கரிக்கும் நீர் அதற்கு ஒத்துவராது. குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் தண்ணீரை வாரம் 60 லிட்டர் மாற்றுவீர்களா?

ஃப்ளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் உருவான கலப்பினம். அதன் முன்னோர் சுண்ணாம்பு போன்ற உப்புகள் மிகுந்த கடினநீருக்குப் பழகிய மத்திய அமெரிக்க மீன்கள். கண்ணாடியில் விரல் வைத்தால், நெற்றி முட்ட வந்து நிற்கும். அந்த அழகே தனி! ஆனால் தனியாகத்தான் வளர்க்க வேண்டும், துணை மீனைக் கடித்தே கொன்றுவிடும்.

அப்புறம், நீர் நன்றாகவே கரித்தால் கரிமீனை யோசியுங்கள். அதுவும் இந்த இரண்டையும் போல சிக்லிட் என்ற மீன் குடும்பம்தான், கழிமுகத்து நீரிலேயே வாழ்வது.