சிமென்ட் ரோடு பெயர்ந்து போச்சு, யாரிடம் கணக்குக் கேட்பது?

கேள்வி: எங்கள் காலனியில் போட்ட சிமென்ட் ரோடு ஆறே மாதத்தில் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. கேட்டால் "பில்லெல்லாம் பாஸாகிவிட்டது" என்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் பலன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் "ரோடு ஏன் தரமில்லை?" என்று எழுதிவிடாதீர்கள், அதற்குப் பதிலே வராது. அந்தச் சட்டத்தில் கிடைப்பது அலுவலகத்தில் இருக்கிற ஆவணம்தான், விளக்கம் இல்லை. அதனால் காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: எஸ்டிமேட், பணி ஆணை, பில், தரப் பரிசோதனை அறிக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக எம் புக், அதாவது முடித்த வேலையின் அளவுப் புத்தகம். நீளம், அகலம், கனம் என்று அளந்து எழுதி, அதை வைத்துத்தான் பணம் கொடுத்திருப்பார்கள். எம் புக்கில் ஆறு அங்குலம் என்று இருந்து, பெயர்ந்த ஓரத்தில் டேப் வைத்தால் நாலுதான் வருகிறது என்றால், அப்புறம் யாரும் வாய்வார்த்தையில் மழுப்ப முடியாது. பிரிவு 2(ஜெ) படி நேரில் போய் ஆவணத்தைப் பார்க்கலாம், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக்கூடக் கேட்கலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை.

மனுவை வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வேறு அலுவலகத்துக்கு உரியதென்றால் 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்பவேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. கெடு தாண்டிய பிறகு தரும் நகலுக்குக் காசு வாங்கக்கூடாது.

சரி, காகிதம் வந்துவிட்டது. அதை உங்கள் பீரோவில் வைத்தால் ஒன்றும் நடக்காது, உங்கள் மேல் கோபம் வருவதுதான் மிச்சம். இந்தச் சட்டமே எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1990இல் ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கிராம மக்களோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். குறைந்தபட்சக் கூலி கேட்டுப் போன இடத்தில், "நீ அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள் அதிகாரிகள். அந்தப் பதிவேட்டைக் கண்ணில் காட்டவும் இல்லை. 1994இல் சங்கதன்காரர்கள் ஊர் நடுவே மக்கள் விசாரணை வைத்து, கிடைத்த பில்லையும் வருகைப் பதிவேட்டையும் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, கட்டி முடியாத கட்டடத்துக்கு முழுப் பணம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இந்தக் கணக்குகளைக் காட்டச் சொல்லி 1996இல் ராஜஸ்தானின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான் கோஷம். 2005இல் நாடு முழுக்கச் சட்டமானது.

ஆக நீங்களும் தனியாகப் போகாதீர்கள். நாலைந்து பேர் தனித்தனியாக மனுப் போடுங்கள், அதில் சுய உதவிக் குழுப் பெண்களும் இருந்தால் ரொம்ப நல்லது. ரோட்டை அளக்கும்போது தெருவையே கூப்பிட்டு, அளவை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் எம் புக் அளவையும் உங்கள் அளவையும் அடுத்தடுத்து வாசித்து, ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்யவேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். பேசிவிட்டு மட்டும் எழுந்து வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் பக்கத்தில் வேண்டாம்.