காப்பாளர் தாளில் கையெழுத்து

கேள்வி: என் கணவர் பனாமா கொடியுள்ள சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. கப்பல் ஷார்ஜாவுக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கிறது. ஊருக்கு வந்துவிட்டால் பாக்கி கிடைக்காது என்கிறார் ஏஜென்ட். கேப்டன் இறங்குமுன், கப்பலுக்குக் காப்பாளர் என்று என் கணவரிடம் கையெழுத்துக் கேட்கிறாராம். போடலாமா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போட வேண்டாம். எகிப்தின் அடாபியாவில் 2017 ஜூலையில் தடுத்து நிறுத்தப்பட்ட ‘அமான்’ கப்பலில், கேப்டன் கரையில் இருந்தபோது, சிரியாவைச் சேர்ந்த, கப்பலின் முதன்மை அதிகாரியை நீதிமன்றம் சட்டப்படியான காப்பாளராக, அதாவது கப்பலுக்குப் பொறுப்பானவராக, அறிவித்தது. அதில் கையெழுத்திட்ட அவர், மற்றவர்கள் ஊர் திரும்பிய பின்னும், தாயார் இறந்த பின்னும், 2021 ஏப்ரல் வரை விடுபட முடியவில்லை. மின்சாரம் நின்றுபோன கப்பலிலிருந்து, கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் தண்ணீர் வாங்கவும் கரைக்கு நீந்திப் போய் வந்தார். அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆளில்லாக் கப்பல் ஆபத்து, பொறுப்புக்கு ஒரு பெயர் வேண்டும் என்று ஒவ்வொரு அலுவலகமும் தன் விதியைச் சரியாகவே பின்பற்றியது. (கப்பல் முதலாளியைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை.) கடைசியில், எகிப்தியத் தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் அந்தப் பொறுப்பைத் தம் பெயரில் ஏற்க முன்வந்த பிறகே அவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். கடலோடியின் கூலி கப்பல்மீதே நிற்கும் கடன். கப்பல் ஏலம் போனால், பெரும்பாலான நாடுகளில் அடமானம் பிடித்த வங்கிக்கும் முன்னதாக அது தீர்க்கப்பட வேண்டும்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையைப் பனாமா ஏற்றிருக்கிறது. அதன்படி, இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே அது கைவிடப்பட்ட நிலைதான். அதற்கான காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதில் காப்பீட்டாளரின் தொடர்பு விவரமும் இருக்கும். உங்கள் கணவர் அதை இன்றே படமெடுத்து, நேரடியாகக் காப்பீட்டாளருக்கே எழுதட்டும். உணவு, குடிநீர், ஊர் திரும்பும் செலவு, நான்கு மாதம் வரையிலான சம்பள பாக்கி ஆகியவை அதில் அடங்கும்; ஐந்தாவது மாதத்துக்குத் தனியாகப் போராட வேண்டியிருக்கும்.

அதே கடிதத்தின் நகலை மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும் ஐ.டி.எஃப். எனும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்புக்கும் நீங்கள் அனுப்புங்கள்; ஏஜென்டின் உரிமம் அந்த இயக்குநரகத்தின் கையில்தான் இருக்கிறது. கப்பலின் ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் அடையாள எண்), உங்கள் கணவரின் சி.டி.சி. எண் (கடலோடியின் பணிப் பதிவேட்டு எண்), சம்பளம் நின்ற தேதி ஆகியவற்றோடு, தண்ணீர் இன்னும் எத்தனை நாளுக்கு வரும், யாருக்கு எந்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்பதையும் எழுதுங்கள். சம்பளத் தகராறு என்று மட்டும் எழுதினால் கோப்பு அதன் வரிசையில்தான் நகரும். குடிநீர் இல்லை என்றால் அன்றே யாராவது தொலைபேசியை எடுத்தாக வேண்டும்.

கேப்டன் நீட்டும் தாள் அரபியில் இருந்தால், ஒரு எழுத்தும் போடாமல் அதைப் படமெடுத்து முதலில் ஐ.டி.எஃப்.-க்கு அனுப்பச் சொல்லுங்கள்.