மைத்துனரோடு வந்த சண்டை

கேள்வி: நானும் என் மைத்துனரும் வேறு வேறு கட்சி. 2021 பொங்கலுக்கு அதிமுக அரசு அட்டைக்கு 2,500 ரூபாய் கொடுத்தபோது நான் 'தேர்தல் காசு' என்றேன். அதே வருஷம் மே மாதம் திமுக அரசு 4,000 ரூபாய் கொரோனா நிவாரணம் அறிவித்து முதல் தவணை 2,000 கொடுத்தது. அவர் 'கஜானா காலி' என்றார். இன்றைக்கும் விசேஷத்தில் பார்த்தால் இதே பேச்சுதான். யார் சொன்னது சரி?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பேரும் பேசியது கட்சி. எங்கேயும் இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் ஒபாமா 78,700 கோடி டாலர் ஊக்கத் திட்டம் கொண்டுவந்தபோது, பிரதிநிதிகள் சபையில் ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. 2020 மார்ச்சில் அதே குடியரசுக் கட்சியின் டிரம்ப் ஆட்சியில் 2.2 லட்சம் கோடி டாலர் கொரோனா நிவாரணம், செனட் என்கிற மேல்சபையில் 96-0 என்று நிறைவேறியது. மறு வருஷம் ஒபாமா கட்சிக்காரரான பைடன் 1.9 லட்சம் கோடி என்றதும் குடியரசுக் கட்சி தரப்பில் ஆதரவு ஓட்டு மறுபடியும் பூஜ்ஜியம். கொரோனா அவசரம் பெரிதுதான், ஆனால் 2009லும் லட்சக்கணக்கில் வேலை போய்க்கொண்டுதானே இருந்தது?

நம் பக்கம் வாருங்கள். நூறு நாள் வேலை 2006 பிப்ரவரியில் முதலில் தொடங்கிய 200 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. 2015ல் பிரதமர் மோடி அதைக் காங்கிரஸ் தோல்வியின் நினைவுச்சின்னம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். 2020 மே மாதம், ஊர் திரும்பியவர்கள் வேலையில்லாமல் நின்றபோது, அவர் அரசே பட்ஜெட்டில் வைத்த 61,500 கோடிக்கு மேல் இன்னும் 40,000 கோடி ஒதுக்கியது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2021 மே மாதம் மஞ்சக்குப்பம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா. நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாளையும் இரண்டு தரம் எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, மளிகைக் கடை மூடுவதற்குள் ஓடினார். பழைய பாக்கி ஆயிரத்து இருநூறு. கடைக்காரர் நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டு அரைக் கிலோ பருப்பை நிறுத்துக் கொடுத்தார். அந்தக் காசு ஓரிரு நாளில் மொத்த வியாபாரி கைக்குப் போயிருக்கும். வேலை முடங்கிய காலத்தில் இப்படி உடனே கை மாறுகிற பணம் வேண்டும். 2020ல் மத்திய அரசு அறிவித்த 20 லட்சம் கோடியில் பெரும்பகுதி கடனும் கடன் உத்தரவாதமும்தான், ஆர்டரே வராத பட்டறைக்காரர் கடன் வாங்கி என்ன செய்வார்?

மைத்துனர் சொல்வதில் ஒன்று நியாயம், வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியாக வேண்டும். தொழில் நன்றாக ஓடுகிற வருஷத்திலும் இப்படியே கொடுத்தால் தாங்காது. அதைப் பற்றிச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

கேள்வி: பணமாகக் கொடுப்பதற்குப் பதில் பாலம், ரோடு போடலாமே?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: போடட்டும். ஆனால் நிலம் எடுத்து, டெண்டர் விட்டு, ஜல்லி வந்து இறங்குவதற்குள் வருஷம் ஓடிவிடும், அதனால் பாதியில் நிற்கிற வேலைக்கு முதலில் பணம் விட வேண்டும். அப்புறம், கெடிலம் ஆற்றுப் பக்கத்து வாய்க்கால்களைத் தூர்வாருவது மாதிரி நாளைக் காலையே மண்வெட்டியோடு இறங்கக்கூடிய வேலைகள். ஐப்பசி மழைக்குள் முடித்தும் விடலாம்.