பையன்களை ஏன் வெளியே அனுப்பினீர்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

பல்லடம் வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். பெண் குழந்தைகளின் கல்வி உரிமையைப் பற்றி எடுத்துச் சொல்வதற்காக, ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு 'கேர்ள் ரைசிங்' ஆவணப்படத்தைத் திரையிட்டேன். மாணவர்கள் கவனத்தைக் கலைப்பார்கள் என்பதால் அவர்களை விளையாட அனுப்பிவிட்டேன். பல மாணவிகள் அழுதார்கள். வீட்டில் படிப்பை நிறுத்தப் பேச்சு நடப்பவர்களைக் கையுயர்த்தச் சொன்னபோது ஒருவரும் உயர்த்தவில்லை. அடுத்து எந்தப் படத்தைக் காட்டலாம்? ஆங்கில ஒலி தடையாக இருக்குமா?

(பெயர் வேண்டாமெனக் கேட்டுக்கொண்ட ஆசிரியர்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பனியன் கம்பெனிகளில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போகும் சிறுமிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் அவர்களுடைய அண்ணன் தம்பிகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லையே என்று சில காலமாகவே எனக்கு ஒரு குறை உண்டு. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

ஆங்கில ஒலி ஒரு பொருட்டே இல்லை; படத்தை நிறுத்தி நிறுத்தி நீங்களே தமிழில் சொல்லுங்கள். பிள்ளைகள் அழுததை ஒரு சாதனையாகக் கருத வேண்டாம். ஆனால் கையுயர்த்தச் சொன்னீர்களே, அதை என்னால் எளிதில் விட முடியவில்லை. தன் வீட்டுச் சங்கதியை ஊர்க்காரப் பிள்ளைகள் நடுவே கையைத் தூக்கி அறிவிக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதி, தனியே வந்து பேசலாம் என்று சொல்லியிருந்தாலே போதுமானது.

இனி உங்கள் மாணவர்களிடம் வருகிறேன். 2013இல் வெளிவந்த அந்தப் படத்தில் ஒன்பது நாடுகளின் ஒன்பது சிறுமிகள் வருகிறார்கள். அவர்களில் நேபாளத்துச் சுமா, ஆறு வயதில் பிறர் வீட்டுக்குக் கொத்தடிமையாக அனுப்பப்பட்டவள். 'கம்லரி' என்னும் அந்த வழக்கம் ஒழிக்கப்பட்டதாக நேபாள அரசு அறிவித்ததே 2013இல்தான். அவள் கட்டிய பாட்டில், சகோதரர்கள் பள்ளிக்குப் போவதையும் தான் எசமான் வீட்டில் உழல்வதையும் சேர்த்தே பாடுகிறாள். அந்தப் பாட்டைக் கேட்க வேண்டிய பையன்கள் அப்போது உங்கள் மைதானத்தில் பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளவர்களுக்குத்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமோ, பதினான்கைக் கடந்தவர்களை அபாயகரமானவை எனப் பட்டியலிடப்பட்ட தொழில்களைத் தவிர மற்றவற்றில் அமர்த்த இடம்கொடுக்கிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பெண்ணின் படிப்பு பெரும்பாலும் வீட்டாரின் கையில்தான் இருக்கிறது. மூன்றாண்டுகள் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆள்பிடித்த 'சுமங்கலித் திட்டம்' அந்த வீட்டாரை நம்பித்தான் நடந்தது. பஸ் நிறுத்தத்தில் தங்கை யாரோடு நிற்கிறாள் என்று வேவு பார்ப்பதும், அவளுடைய செல்போனைப் பிடுங்கிப் பார்ப்பதும், வேற்றுச் சாதிப் பையனோடு பேசினாள் என்று அப்பாவிடம் சொல்லி அவள் படிப்புக்கு முடிவுகட்டுவதும் நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அண்ணன்மாரின் வேலை. அந்த அண்ணனுக்குப் பாடம் நடத்தாமல் தங்கைக்கு மட்டும் உரிமையைச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

பள்ளிபாளையத்தில் என் பெரியம்மா வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின. எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவர்களுடைய மகளைத் தறிக்கு நூல் சுற்றும் வேலையான தார் சுற்ற உட்காரவைக்கலாம் என்று பெரியப்பா முடிவு செய்தார். அவளுக்கு மூத்தவன், ஒரு வருடம் தோற்று அவளோடு ஒரே வகுப்பில் இருந்தவன், "அம்மிணி போவலைன்னா நானும் போவலீங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான். அடி விழுந்தும் அவன் அசையவில்லை. உரிமை, சமத்துவம் என்ற சொற்களையெல்லாம் அவன் கேள்விப்பட்டவன் இல்லை. அவள் இல்லாவிட்டால் வீட்டுப்பாடக் கணக்கை யாரிடம் பார்த்து எழுதுவது என்ற கவலையும் அதில் இருந்திருக்கும். சில நாள் கழித்துப் பெரியப்பா இறங்கிவந்தார்; பள்ளி விட்டு வந்ததும் இருவருமே தார் சுற்ற வேண்டும் என்று பேச்சானது. அவன் பத்தாம் வகுப்போடு நின்று தறி ஓட்டப் போனான். அவள் ஈரோட்டில் செவிலியராக இருக்கிறாள்.

ஆகவே அடுத்த படத்தை இப்போது தேட வேண்டாம். சுமாவின் பகுதியை மட்டும் இருபாலரையும் ஒன்றாக உட்காரவைத்து மறுபடி காட்டுங்கள். பின்வரிசையில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முடிந்ததும், நேற்று மாலை முதல் தூங்கும்வரை தான் செய்த வேலைகளையும் தன் அக்காளோ தங்கையோ செய்த வேலைகளையும் ஒவ்வொரு பையனும் பெயரில்லாத தாளில் எழுதட்டும். உடன்பிறந்தாள் இல்லாதவன் அம்மாவைப் பற்றி எழுதலாம். பிறகு அப்பாக்களையும் அழைத்து ஒருமுறை காட்டுங்கள். அதைச் சனிக்கிழமை மட்டும் வைத்துவிடாதீர்கள், பனியன் கம்பெனிகளில் சம்பள நாள், ஒருவரும் வரமாட்டார்கள்.