யாருமில்லாத நிலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் ஜோகன்னஸ்பர்கில் ஒரு பழைய லேண்ட் குரூசரை வாங்கி, போட்ஸ்வானா, விக்டோரியா அருவி, நமீபியா வழியாகக் கேப் டவுன் வரை 87 நாள் ஓட்டிவிட்டு, வண்டியை விற்றுவிட்டு, போன வாரம் ஊர் திரும்பினோம். நமீபியாவைத்தான் மறக்க முடியவில்லை. நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு முகம் தென்படாது. மனிதச் சுவடே படாத வெற்று நிலம். எட்டோஷாவில் யானைக் கூட்டம், சொலிட்டேரில் டயர் பஞ்சர் (ஒட்டித் தந்தவர் காசு வாங்க மறுத்துவிட்டார்), லூடரிட்ஸின் சுறாத்தீவில் கூடாரம் போட்டு, காற்றில் தூங்காமல் ஓர் இரவு. இப்போது வீட்டில் எதிலும் மனம் ஒட்டவில்லை. அந்த வெறுமை எனக்குள் குடிவந்துவிட்டதுபோல் இருக்கிறது. ஒரு நெடும்பயணத்தை எப்படி முடித்துக்கொள்வது? எழுதலாமா?

ச.

அன்புள்ள ச.,

மனம் ஒட்டாததற்குப் பயப்பட வேண்டாம். உடம்பு இன்னும் அந்தச் சரளைச் சாலையில் குலுங்கிக்கொண்டிருக்கிறது. நன்றாகத் தூங்குங்கள், பழைய சோறு சாப்பிடுங்கள், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். வண்டியை விற்றதும் நல்லதுதான்.

ஆனால் ‘மனிதச் சுவடே படாத வெற்று நிலம்’ என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை. பல நாளாகவே இந்தச் சொல் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் இதே சொல்லை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், அதுவும் சொல்லக்கூடாத ஒருவரிடம்.

நமீபியாவில் ஒகஹான்ஜாவிலிருந்து ஒச்சிவரோங்கோவுக்குப் போகும் சாலை அது. உங்கள் வழியிலும் வந்திருக்கலாம். இரண்டு பக்கமும் கம்பிவேலி, முள்மரங்கள், எப்போதாவது ஒரு பண்ணைக் கதவு. ஓட்டியவர் ஐம்பது வயது தாண்டிய ஹெரேரோக்காரர், மாடு வளர்க்கும் இனத்தவர். ‘எவ்வளவு பெரிய இடம், யாருமே இல்லையே’ என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, வேலிக் கம்பியில் கை வைத்துக்கொண்டு கிழக்கே காட்டினார். அந்தப் பக்கம்தான் வாட்டர்பெர்க் மலை. ‘எங்கள் மாடுகள் இங்கே மேய்ந்தன’ என்றார். அவர் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுக்கு முந்திய மாடுகள்! நேற்று மாலை ஓட்டிக்கொண்டு வந்ததுபோலச் சொன்னார்.

1904 ஆகஸ்டில் அந்த மலையடியில்தான், அப்போது நமீபியாவை ஆண்ட ஜெர்மனியின் படை ஹெரேரோக்களைச் சுற்றி வளைத்தது. தப்பியவர்களை ஒமாஹெகே பாலைக்குள் துரத்தி, திரும்பி வர முடியாதபடி நீர்நிலைகளை மறித்தார்கள். அக்டோபரில் தளபதி ஃபான் ட்ரோத்தா, ஜெர்மன் எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ எவரும் சுடப்படுவார் என்று எழுத்திலேயே ஆணை போட்டார். தாகத்தில் செத்தவர்கள் போக, கொஞ்சம் பேர் பாலையைக் கடந்து இன்றைய போட்ஸ்வானாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு வண்டி ஓட்டியவருடைய பாட்டி அங்கே பிறந்தவர். வீட்டில் யாராவது குடித்த குவளையில் தண்ணீரை மிச்சம் வைத்தால் பாட்டி அன்று முழுக்கப் பேசமாட்டாராம். அவர்கள் விட்டுப்போன நிலமும் மாடும் பறிமுதலாகி, குடியேறிகளின் பண்ணைகளாயின. நான் ‘யாருமே இல்லை’ என்று சொன்னது அந்த வேலியைப் பார்த்துத்தான்.

நமீபியாவின் பரப்பு 8 லட்சத்து 24 ஆயிரம் சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 30 லட்சம். மழை குறைவு, மண் வறண்டது, ஆட்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் பார்த்த வெறுமையில் ஒரு பங்கு மழையால் வந்தது, ஒரு பங்கு துப்பாக்கியால் வந்தது. இரண்டையும் சேர்த்து ‘இயற்கை’ என்று எழுதிவிடாதீர்கள். எட்டோஷாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1907-ல் அது விலங்குக் காப்பகமானது. ஹாய்ஓம் என்ற சான் பழங்குடி மக்கள் அதற்குப் பிறகும் அந்த நீர்நிலைகளை ஒட்டி வாழ்ந்தார்கள். 1950-களில்தான் அவர்களை வெளியே அனுப்பினார்கள். நீங்கள் யானைக்காகக் காத்திருந்த நீர்நிலையில் எந்தக் குடும்பம் தண்ணீர் மொண்டதோ, யார் கண்டார்?

சரி, சுறாத்தீவு. இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனால் உங்களிடம் சொல்லாமல் விடக்கூடாது. நீங்கள் கூடாரம் போட்ட அந்தத் தீவு 1905 முதல் 1907 வரை கைதி முகாம். ஹெரேரோக்களையும், நாமா என்ற இன்னோர் இனத்தவரையும் பெண்கள், குழந்தைகளோடு அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். நீங்கள் தூங்க முடியாமல் தவித்த அதே கடற்காற்றில், கந்தல் துணி மறைப்புகளில், போதிய உணவில்லாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நாமா தலைவர் கொர்னேலியஸ் ஃபிரெடெரிக்ஸ் 1907-ல் அங்கேதான் இறந்தார். அவர் நினைவுக்கல் அந்தத் தீவிலேயே இருக்கிறது. உங்கள் படங்களில் தேடிப் பாருங்கள், ஏதாவது ஒன்றின் ஓரத்தில் விழுந்திருக்கலாம். தெரியாமல் அங்கே படுத்தது உங்கள் குற்றமில்லை, அம்மா. கூடாரத் தங்குமிடம் நடத்துகிறவர்கள் காசு வாங்கிக்கொண்டு இடத்தைக் காட்டினார்கள், நீங்கள் படுத்தீர்கள். ஆனால் இனிமேல் அது உங்களுக்குத் தெரியும்.

நம் மொழியில் பாலை என்ற திணைக்குக்கூட எயினர் உண்டு, மறவர் உண்டு, வழிநடக்கும் வணிகர் உண்டு. பாலையை ஆளில்லாமல் பாடத் தெரியாத மொழி இது. அந்த மொழியில் எழுதப்போகிற நீங்கள் நிலத்தைக் காலி செய்துவிட்டு எழுதலாமா?

எழுதத்தான் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்தால், உங்கள் கடிதத்தில் மனிதர் என்று ஒரே ஒருவர்தான் வருகிறார், அதுவும் அடைப்புக்குறிக்குள். பஞ்சர் ஒட்டியவர். அவர் பெயர் என்ன? எந்த ஊர்க்காரர்? ஏன் காசு வேண்டாம் என்றார், கேட்டீர்களா? உங்கள் கணவருக்காவது ஏதாவது நினைவிருக்கும். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, அவரைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள்.