அலுமினிய முக்கோணம் பறந்துவிட்டது, ஐந்து லட்சம் போடலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மைத்துனர் மூலம் அறிமுகமான ஒருவர், ஈர்ப்பு விசையை எதிர்க்கும் என்ஜின் செய்யும் கம்பெனியில் பங்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். குறைந்தது ஐந்து லட்சம் போட வேண்டுமாம். பறக்கும் தட்டுகள் எப்படிப் பறக்கின்றன என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அமெரிக்கக் கடற்படை எடுத்த வீடியோக்களையும், அதே கடற்படை வாங்கிய காப்புரிமையையும் காட்டினார். பிறகு அலுமினியத் தாளில் செய்த ஒரு முக்கோணத்தை எங்கள் கண்முன்னே மேசையிலிருந்து எழும்பச் செய்தார். அதில் விசிறி இல்லை, சுழல்கிற பாகம் எதுவும் இல்லை. கண்ணால் கண்டதை எப்படி நம்பாமல் இருப்பது?

பதில்: போடாதீர்கள் ஐயா. காரணத்தைப் படிக்கப் பொறுமை இல்லாவிட்டாலும் இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வீடியோ, காப்புரிமை, முக்கோணம் என்று மூன்றைக் காட்டியிருக்கிறார். மூன்றுமே நிஜமானவைதான். இந்த வியாபாரத்தின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. பொய்யை எங்கேயும் காட்டமாட்டார்கள். மூன்று நிஜங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நடுவில் உள்ள இடைவெளியை உங்களையே நிரப்பிக்கொள்ள விடுவார்கள்.

முதலில் வீடியோ. கடல் அலைகளுக்கு மேலே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி அம்புபோலப் பாய்வதைக் காட்டியிருப்பார். 2015 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் ஒரு எஃப்-18 போர்விமானத்தின் கேமரா எடுத்தது அது. 'கோ ஃபாஸ்ட்' என்று பெயர். விமானிகளே வாய்விட்டுக் கத்துவது அதில் கேட்கும். ஆனால் அந்தத் திரையின் ஓரங்களில் எண்கள் ஓடுவதை யாரும் கவனிப்பதில்லை. விமானம் 25,000 அடி உயரத்தில் பறக்கிறது. காட்சியின் முடிவில் கேமரா 35 டிகிரி கீழே பார்க்கிறது, புள்ளி இருக்கும் தொலைவு 3.4 கடல்மைல். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்: புள்ளி விமானத்துக்குச் சுமார் 12,000 அடி கீழே இருக்கிறது. அப்படியானால் கடலுக்கு மேலே 13,000 அடி. அது அலைகளை உரசிக்கொண்டு போகவே இல்லை.

அப்புறம் ஏன் அவ்வளவு வேகம்? நீங்கள் பஸ்ஸில் போகும்போது சாலையோரப் பனைமரம், தூரத்து மலைக்கு முன்னால் பின்னோக்கி ஓடுகிறது அல்லவா? பனைமரமா ஓடுகிறது? ஓடுவது நீங்கள். இங்கே மலை இருக்கும் இடத்தில் கடல், பஸ் இருக்கும் இடத்தில் போர்விமானம். நாசா அமைத்த குழு இந்தக் கணக்கைப் போட்டு 2023 செப்டம்பரில் அறிக்கையாக வெளியிட்டது. 22 விநாடியில் அந்தப் பொருள் நகர்ந்தது சுமார் 390 மீட்டர். மணிக்கு 64 கிலோமீட்டர், அதாவது நம் வெளியூர் பஸ் வேகம். அந்த உயரத்தில் காற்றே அந்த வேகத்தில் வீசும். காற்றில் மிதந்து போகிற ஒன்றுக்கு என்ஜின் எதற்கு?

அவர் விவரம் தெரிந்த ஆளாக இருந்தால் அடுத்து 2004-க்குத் தாவுவார். அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று, கலிபோர்னியாவுக்கு அப்பால் பசிபிக் கடலில், டேவிட் ஃப்ரேவர் என்ற கடற்படை விமானி நாற்பது அடி நீளத்தில் வெள்ளை மாத்திரை போன்ற ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். கூட வந்த கப்பலில் ரேடார் பார்த்த ஒருவர், இப்படிப்பட்ட ஒன்று 28,000 அடியிலிருந்து கடல்மட்டத்துக்கு 0.78 விநாடியில் இறங்கியது என்கிறார். சரி, அதை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

பாதி தூரம் வேகம் கூட்டி, மீதிப் பாதியில் வேகம் குறைத்து நிற்க வேண்டும். நடுவழியில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர். நம் எடையை நாம் உணர்வதைப்போல் 5,700 மடங்கு அழுத்தம். போர்விமானிக்கு 9 மடங்கு வந்தாலே கண் இருட்டும். எடை ஒரு டன் என்று வைத்தால், அந்த முதல் 0.39 விநாடிக்கு அதன் என்ஜின் தர வேண்டிய சராசரி சக்தி 600 கிகாவாட்டுக்கு மேல். 2024 முடிவில் இந்தியாவின் எல்லா மின்நிலையங்களையும் சேர்த்தால்கூட சுமார் 460 கிகாவாட்தான். இந்தியா முழுவதையும் அணைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தாலும் போதாது.

அதைவிடப் பெரிய சிக்கல் காற்று. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் விநாடிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. முப்பது கிலோமீட்டர் உயரத்தில், காற்று மெலிந்து கிடக்கும் இடத்திலேயே, வெடித்துச் சிதறியது. ஊர் முழுக்கக் கண்ணாடி நொறுங்கி ஆயிரத்துச் சொச்சம் பேர் காயப்பட்டார்கள். கல் பெரியது, இருபது மீட்டர் அளவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அதைவிட வேகமாக, அடர்ந்த காற்றுக்குள், ஒரு பொருள் கடல்மட்டம் வரை இறங்கியிருக்கிறது. தீப்பிழம்பு இல்லை, இடிமுழக்கம் இல்லை, கப்பலில் ஒரு கண்ணாடிகூட விரியவில்லை. இதைச் செய்யும் என்ஜினைக் கற்பனை செய்வதைவிட, 0.78 என்ற எண்ணைச் சந்தேகிப்பது எனக்குச் சுலபம். ஒரு பொருள் மேலே மறைந்து இன்னொன்று கீழே தெரிந்தாலும் திரையில் இப்படித்தான் இருக்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க ரேடார் பதிவு வேண்டும். அது பொதுவெளிக்கு வரவில்லை. 2020 ஏப்ரலில் பென்டகன் மூன்று வீடியோக்களைத் தானே வெளியிட்டு, ஆமாம் எங்களுடையதுதான் என்றது. படத்தைத் தருகிறவர்கள் எண்ணைத் தரமாட்டார்கள். ரகசியமாம். இந்த ரகசியத்தால் எந்த எதிரி நாடு ஏமாந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் மைத்துனரின் நண்பரைப் போன்றவர்கள் பிழைக்கிறார்கள். எண் கிடைத்த இடத்தில் விஷயம் பஸ் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது, அதிசயமாக இருக்கிற இடத்தில் எண் கிடைப்பதில்லை. இதை வைத்து யாரும் என்ஜின் வரைபடம் போட முடியாது ஐயா.

தட்டு வடிவத்தில் பறக்கவே முடியாதா என்றால், முடியும். அந்தரத்தில் நிற்பது பெரிய வித்தையே அல்ல. பத்து மீட்டர் அகலமுள்ள ஒரு டன் தட்டு, காற்றைக் கீழே தள்ளி நிற்க, கணக்குப்படி 71 கிலோவாட் போதும். ஒரு கார் என்ஜின் தரக்கூடியதுதான். கனடாவின் அவ்ரோ கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்காக அப்படி ஒன்றைச் செய்தே பார்த்தது. அவ்ரோகார் என்று பெயர், பதினெட்டு அடி விட்டம், மூன்று ஜெட் என்ஜின்கள். மூன்றடிக்கு மேலே எழும்பினால் தரையில் சுழன்று விழும் தட்டுபோல ஆட ஆரம்பித்துவிடும். 1961-இல் மூடிவிட்டார்கள். கஷ்டம் எழும்புவதில் இல்லை, ஆடாமல் நிற்பதிலும் திரும்புவதிலும்தான்.

அடுத்து காப்புரிமை. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அவர் காட்டியது அநேகமாக சால்வடோர் பைஸ் என்ற கடற்படைப் பொறியாளரின் பெயரில் 2018 டிசம்பரில் தரப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையாக இருக்கும். பொருளின் நிறையையே குறைத்துவிடும் வாகனம் என்று அதில் எழுதியிருக்கிறது. காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் முதலில் ஏற்கவில்லை. கடற்படையின் மூத்த தொழில்நுட்ப அதிகாரி ஒருவர் கடிதம் எழுதிய பிறகுதான் கிடைத்தது. அந்தப் பொறியாளரின் அடிப்படைக் கருத்தைக் கடற்படையே மூன்று ஆண்டு சோதித்துப் பார்த்தது. சுமார் ஐந்து லட்சம் டாலர் செலவு. ஒன்றும் நிரூபணமாகவில்லை, திட்டம் முடிந்தது. இந்தக் கடைசிப் பகுதியை அவர் உங்களிடம் சொன்னாரா?

காப்புரிமை என்பது 'இது வேலை செய்கிறது' என்ற சான்றிதழ் அல்ல. 'இந்த யோசனையை இன்னார் தனதென்று கோருகிறார், வேறொருவர் நகலெடுக்கக் கூடாது' என்பதுதான் அதன் பொருள். அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் பறக்கவிட்டுப் பார்ப்பதில்லை.

நம் ஊர் இடைத்தரகர்களின் வழி இன்னும் மலிவானது. 'எங்கள் கம்பெனிக்கும் பேட்டன்ட் வந்துவிட்டது' என்று ஒரு எண்ணைக் காட்டுவார்கள். அது விண்ணப்ப எண்ணாக இருக்கும். கட்டணம் கட்டினால் யாருக்கும் விண்ணப்ப எண் கிடைக்கும், உங்களுக்கும் எனக்கும் கிடைக்கும். பதினெட்டு மாதம் கழித்து அந்த விண்ணப்பம் அரசு இதழில் வெளியாகும். அது வழக்கமான நடைமுறை, தரத்தைப் பார்த்து வெளியிடுவதில்லை. அந்த 'வெளியானது' என்ற சொல்லைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிடுவார்கள். வெளியாவது வேறு, வழங்கப்படுவது வேறு. எண்ணை வாங்கி, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், காசு வேண்டாம். வழங்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, சும்மா கிடக்கிறதா என்று தெரியும். எண்ணைத் தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் 1970-ஆம் ஆண்டின் நம் காப்புரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவிலேயே, நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதைக் கண்டுபிடிப்பாகவே கருதக்கூடாது என்கிறது. அருமையான வரி. ஆனால் அந்த வரி வேலை செய்ய ஆய்வாளர் கோப்பைத் திறக்க வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் பங்கு விற்று முடிந்திருக்கும். 1996-இல் மூலிகை பெட்ரோல் பரபரப்பைப் பார்த்த தலைமுறை நாம். அப்போதும் கண்முன்னேதான் செய்து காட்டினார்கள்.

சரி, முக்கோணத்துக்கு வருகிறேன். நீங்கள் கண்ணால் கண்டது நிஜம். அது நிஜமாகவே பறக்கிறது, நூலோ காந்தமோ இல்லை. அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தக்கைபோல லேசான பால்சா மரக்குச்சியில் செய்த சட்டம், கீழே அலுமினியத் தாள், அதற்கு மேலே சில சென்டிமீட்டர் தள்ளி ஒரு மெல்லிய கம்பி. இரண்டுக்கும் நடுவே 20,000, 30,000 வோல்ட். பழைய டிவிப் பெட்டியின் உள்ளே இருந்த மின்மாற்றியை வைத்தே செய்துவிடலாம். பறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தமும், ஜெராக்ஸ் கடையில் வருவதுபோல ஒரு வாசனையும் வந்திருக்குமே? கம்பியைச் சுற்றியுள்ள காற்று மின்னேற்றம் பெற்றுத் தாளை நோக்கிக் கீழே ஓடுகிறது. ஓடும்போது பக்கத்துக் காற்றையும் தள்ளிக்கொண்டு போகிறது. காற்று கீழே போகிறது, முக்கோணம் மேலே வருகிறது. சுழலாத விசிறி, அவ்வளவுதான். தாமஸ் டவுன்சென்ட் பிரவுன் என்ற அமெரிக்கர் 1920-களிலேயே இதைப் பார்த்துவிட்டு, ஈர்ப்பையே வளைத்துவிட்டதாக நம்பினார். 1928-இல் பிரிட்டிஷ் காப்புரிமைகூட வாங்கினார். பாருங்கள், மறுபடியும் காப்புரிமை!

இதில் நேர்மையான ஆராய்ச்சியும் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல) ஸ்டீவன் பாரெட் குழு இதே மின்காற்றால் ஒரு குட்டி விமானத்தை ஓட்டியது. ஐந்து மீட்டர் இறக்கை, இரண்டரை கிலோ எடை, 40,000 வோல்ட், பேட்டரியும் உள்ளேயே. ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அறுபது மீட்டர் பறந்தது. பெரிய சாதனை. அவர்கள் ஈர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, காற்றைப் பற்றித்தான் பேசினார்கள். உங்கள் ஆளின் முக்கோணத்தில் பேட்டரி எங்கே இருந்தது? மேசையில், ஒயரின் மறுமுனையில். அது தூக்குவது வாட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிராம். எழுபது கிலோ ஆளை மட்டும் தூக்க 70 கிலோவாட், அந்த மின்சாரத்தைத் தரும் பெட்டியை யார் தூக்குவது?

அவர் அடுத்த முறை வரும்போது முக்கோணத்தைப் படுக்கவைக்காமல், நூலில் பக்கவாட்டாகத் தொங்கவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். அது பக்கவாட்டில் தள்ளும். ஈர்ப்பை எதிர்க்கிற பொருள் சுவரை நோக்கி ஏன் போகிறது என்று கேளுங்கள். அப்புறம் அது எழும்பி நிற்கும்போது, ஒரு நீண்ட குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டிப் பக்கத்தில் நீட்டச் சொல்லுங்கள். புகை இழுபட்டுக் கீழே போகும்.

இதற்கும் அவர் பதில் வைத்திருந்தால், லேசான அட்டைப்பெட்டிக்குள் முக்கோணத்தை வைத்து மூடி, ஒயரைத் தொய்வாக விட்டு, பெட்டியோடு எடைபோடச் சொல்லுங்கள். உள்ளே அது எழும்பி மிதந்தாலும் பெட்டியின் எடை மாறாது. தள்ளப்பட்ட காற்று பெட்டியின் அடித்தளத்தை அமுக்குகிறதே! ஈர்ப்பை நிஜமாக வென்றிருந்தால் எடை குறைய வேண்டும். எலக்ட்ரானிக் தராசு வேண்டாம், அவ்வளவு வோல்ட் பக்கத்தில் அது கிறுக்குப் பிடித்து ஆடும், அந்த ஆட்டத்தையே அவர் அதிசயம் என்பார். பழைய நகைக்கடை இரட்டைத் தட்டுத் தராசாக இருக்கட்டும், அதையும் நீங்களே கொண்டுபோங்கள். ஒயரையும் முக்கோணத்தையும் நீங்களோ பேரப்பிள்ளைகளோ தொட வேண்டாம், மின்சாரத்தை அணைத்த பிறகும் அதில் கொஞ்சநேரம் மிச்சம் இருக்கும்.