இன்ஜின் அண்டர் கவரைக் கழற்றிவிடலாமா?

"என் டீசல் காருக்கு ஏழு வயது. ஸ்பீடு பிரேக்கரில் உரசி, இன்ஜினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவர் ஒரு பக்கம் தொங்குகிறது. 'கழட்டிப் போட்டுடுங்க சார், இன்ஜினுக்கு நல்லா காத்து போகும், சூடு ஏறாது' என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?" என்று சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

தொங்குகிற கவரை இன்றைக்கே கழற்றுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் அது பிய்ந்து டயரில் சிக்கினால் ஆபத்து; பின்னால் வரும் பைக்காரருக்கு அதைவிட ஆபத்து. ஆனால் அப்படியே விட்டுவிடாமல் உங்கள் மாடலுக்கான புதுக் கவரை வாங்கி மாட்டிவிடுங்கள்.

காற்று போகும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடப்பது வேறு. வண்டி ஓடும்போது முன்னால் கிரில்லில் காற்று மோதி அழுத்தம் கூடுகிறது. அடியில் வேகமாக ஓடும் காற்றுக்கு அழுத்தம் குறைவு. இந்த வித்தியாசம்தான் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுத்து, கீழே பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது. கவர் இல்லையென்றால் பம்பருக்கு அடியில் போகிற காற்றும் இன்ஜின் அறைக்குள் ஏறி அழுத்தத்தைக் கூட்டும். ரேடியேட்டரைத் தாண்டி வருகிற காற்று குறையும். கவர் இருந்தும் சூடு ஏறுகிறதா? கூலன்ட் அளவு, ஃபேன், ரேடியேட்டரில் அடைத்திருக்கும் தூசி, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை இன்ஜினில் சுற்றும் ரப்பர் பெல்ட்தான். ஒரு மழைக்காலத்தில், கவர் இல்லாமலே ஓடிய கார் ஒன்று என்னிடம் வந்தது. ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று சீராக ஒரு சத்தம். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பெல்ட்டைச் சுற்றவைக்கும் சக்கரமான கிராங்க் புல்லியின் வரிப்பள்ளத்தில் மிளகு அளவு ஜல்லிக்கல் ஒன்று இறுகிப்போய் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது பெல்ட்டைக் குத்தி, ஒரு வரி நீளத்துக்கும் நார்நாராக உரிந்திருந்தது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் ஏசி கம்ப்ரசரும், பல கார்களில் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பும்கூட, அந்த ஒரே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. அது நடுவழியில் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், வாட்டர் பம்பும் அதில் ஓடுகிற காரென்றால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் கொதிக்கும். கல்லையும் சேற்றையும் தடுப்பதுதான் அந்தக் கவரின் முதல் வேலை. டீசல் இன்ஜின் சத்தத்தையும் அது ஓரளவு அடக்கும்.

மெக்கானிக்கின் சிரமமும் உண்மைதான். ஆயில் மாற்ற வரும்போதெல்லாம் பத்துப் பன்னிரண்டு போல்ட், கிளிப் என்று கழற்றி மாட்ட வேண்டும். அவசரத்தில் நாலைந்து விட்டுப்போகும். கவர் நடுவில் தொய்யும். பிறகுதான் ஸ்பீடு பிரேக்கர் அதைப் பிடிக்கிறது. உங்கள் காரிலும் அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே புதுக் கவரோடு கிளிப் செட்டையும் சேர்த்து வாங்குங்கள். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் கவரைப் பிளாஸ்டிக் டேக் (கேபிள் டை) போட்டுக் கட்டுவது வேண்டாம், சூட்டில் இளகிவிடும்.

கவரால் வரும் ஒரு கெடுதலையும் சொல்ல வேண்டும். ஆயில் ஒழுகினால் தரையில் சொட்டாமல் கவருக்குள்ளேயே தேங்கும், உங்களுக்குத் தெரியாது. மெக்கானிக் மறந்து வைத்த பனியன் துணி ஒன்றை ஒருமுறை கவருக்குள்ளிருந்து எடுத்தேன், ஆயிலில் ஊறிக் கறுத்திருந்தது. எக்ஸாஸ்ட் குழாய் பழுக்கச் சூடாகும் இடத்தில் இது தீப்பிடிக்கக்கூடிய விஷயம். ஒவ்வொரு சர்வீஸிலும் கவரின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், நீங்களே பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடித்துச் சரி செய்த பிறகு கழுவி மாட்டட்டும். ஸ்பாஞ்ச் வைத்த கவர் ஆயிலில் ஊறியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. வெள்ளத்தில் ஓட்டினாலும் கழற்றி, உள்ளே தங்கிய சேற்றைக் கழுவ வேண்டும்.

இரும்புத் தகடு அடித்துப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். கரடுமுரடான பாதையில் தினமும் போகிறவர்களுக்குச் சரி, அதுவும் உங்கள் மாடலுக்கென்றே காற்றுத் துளைகளோடு வருவதாக இருந்தால். சேலம் ரோடுகளுக்குக் கம்பெனி பிளாஸ்டிக் கவரே போதும். கம்பெனியே கவர் கொடுக்காத மாடலாக இருந்தால், வெளியே வாங்கிப் போட அவசியமில்லை.

மாட்டிய பிறகு நாலு மூலையிலும் கையால் அழுத்திப் பாருங்கள், ஆடக்கூடாது. அப்புறம் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். படபடவென்று சத்தம் கேட்டால் முன்பக்கக் கிளிப் ஏதோ சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். திரும்ப ஷெட்டுக்கே போய்ச் சரி செய்துகொள்ளுங்கள்.